கல்யாண வீடியோவுக்கு 24-ஆ, 25-ஆ, 60-ஆ? ஒரு எண்ணின் 140 வருஷக் கதை

இது கொஞ்சம் நீளமான இழை. டீயைப் போட்டு பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க.

1.

போன வாரம் ஓ.பி. முடிச்சுக் கை கழுவிக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வீடியோ பேசியிருக்கிற தம்பி.

"சார், மெயின் கேமராவை 24ல வைக்கவா, 25ல வைக்கவா? இல்ல மொத்தத்தையும் 60ல எடுத்துட்டு அப்புறம் ஸ்லோ பண்ணிக்கவா? மாப்பிள்ளை வீட்டுல ஃபுல்லா சினிமாட்டிக்கா கேக்குறாங்க."

சித்தப்பாகிட்ட கேட்டிருக்கார். அவர், "எங்க டாக்டர் தம்பிகிட்ட கேளுங்க, அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்"னு என் நம்பரைக் குடுத்துட்டார். நம்ம ஊர்ல டாக்டர்னா வாஷிங் மெஷின் ரிப்பேர் வரைக்கும் தெரிஞ்சிருக்கணும்.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி"ன்னு வச்சுட்டேன். எதையாவது ஒரு நம்பரைச் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா எங்க வீட்டு பீரோவுல ஒரு பழைய கேசட் இருக்கு. அதனால எனக்கு இது சாதாரணக் கேள்வியாத் தெரியல. அந்தக் கேசட்டுக்குக் கடைசியில வர்றேன்.

"சுகர், பிரஷர்னு எழுதுற ஆளு கேமரா பக்கம் ஏன் போறாரு"ன்னு நினைக்காதீங்க. இந்தக் கதையோட வாசல்லயே ஒரு டாக்டர்தான் நிக்கிறார்.

2.

முதல்ல அடிப்படை.

வீடியோங்கிறது நிஜமா நகர்றது கிடையாது. அசையாத போட்டோக்களை வரிசையா வேகமா காட்டுறாங்க. நகர்ற மாதிரி நமக்குத் தெரியுது. வினாடிக்கு எத்தனை போட்டோங்கிறதுதான் ஃபிரேம் ரேட். 25னா வினாடிக்கு 25 போட்டோ. அவ்வளவுதான்.

இதுல நம்ம உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வி ரெண்டு இருக்கு. ரெண்டும் வேற வேற. நிறைய பேர் இங்கதான் குழப்பிக்கிறாங்க.

முதல் கேள்வி: எத்தனை படம் காட்டினா, தனித்தனிப் படமாத் தெரியாம அசைவாத் தெரியும்? இதுக்குப் பன்னிரண்டு, பதினாறு இருந்தாலே மூளை ஒத்துக்கும். பள்ளிக்கூடத்துல "விழித்திரையில பிம்பம் கொஞ்ச நேரம் தங்குது, அதனாலதான் சினிமா"ன்னு படிச்சிருப்போம். அது பாதி விளக்கம்தான். அசைவை உண்டாக்குற வேலையைச் செய்யறது மூளை. மாக்ஸ் வெர்தைமர் 1912லயே இதைச் சோதனை பண்ணி எழுதியிருக்கார்.

ரெண்டாவது கேள்வி: வெளிச்சம் எவ்வளவு வேகமா விட்டு விட்டு எரிஞ்சா, விட்டு எரியறதே தெரியாம ஒரே வெளிச்சமாத் தெரியும்? இதுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வேணும். வெளிச்சம் கூடக் கூட இன்னும் அதிகம் வேணும். கண் மருத்துவத்துல இதை ஒரு பரிசோதனையாவே வச்சிருக்காங்க. பார்வை நரம்பு பாதிச்சவங்களுக்கு இந்த எண் குறையும்.

ஆக, அசைவுக்கு 16 போதும். கண் கூசாம இருக்க 50 வேணும். இந்த இடைவெளியை ஒவ்வொரு காலத்துலயும் எப்படிச் சமாளிச்சாங்க என்பதுதான் ஃபிரேம் ரேட்டோட வரலாறு.

3.

இப்ப டாக்டருக்கு வருவோம். பேர் எத்தியேன் ழூல் மாரே. பிரான்ஸ்காரர். மருத்துவம் படிச்சு, உடலியல் ஆராய்ச்சிக்குப் போனவர்.

1860ல இவர் மணிக்கட்டு நாடியைத் தாள்ல வரைஞ்சு காட்டுற கருவி ஒண்ணு செஞ்சார். நாடி துடிக்கத் துடிக்க ஒரு சின்ன நெம்புகோல் ஆடும், அது அலை அலையாக் கோடு போடும். ஈ.சி.ஜி. வர்றதுக்கு நாற்பது வருஷத்துக்கு முன்னாடி! நாடியை எழுதின ஆளுக்கு, நடையையும் எழுதணும்னு ஆசை வந்துச்சு. மனுஷன் நடக்கும்போது எந்தக் கால் எப்ப தரையைத் தொடுது? பறவை சிறகை எப்படி மடக்குது?

1878ல அமெரிக்காவுல மைப்ரிட்ஜ் என்ற போட்டோகிராபர், வரிசையாப் பல கேமராக்களை நிறுத்தி, ஓடுற குதிரையைப் படம் பிடிச்சிருந்தார். மாரே 1882ல ஒரே கருவியில அதைச் செஞ்சார். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அழுத்தினா வினாடிக்கு 12 படம். மனுஷங்க நடையை ஆராயக் கறுப்பு உடுப்பு போட்டு, கை கால்ல வெள்ளைக் கோடு ஒட்டி நடக்கவிட்டு எடுத்தார். இன்னைக்கு சினிமாவுல மோஷன் கேப்சர்னு செய்யறதோட பாட்டன் இது.

1898ல ருமேனியாவுல மரினெஸ்கு என்ற நரம்பியல் டாக்டர், பக்கவாதம் வந்தவங்க நடக்கிறதைப் படமாவே எடுத்தார். சினிமா பிறந்து மூணே வருஷம்! கேமரா வந்த உடனே ஒரு டாக்டருக்குத் தோணினது, "என் நோயாளி எப்படி நடக்கிறார்னு பதிவு பண்ணி வைக்கணும்".

இந்த விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

4.

1895 டிசம்பர் 28, பாரிஸ். லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிட்டுப் படம் காட்டினாங்க. அவங்க கருவியில கைப்பிடி ஒரு சுத்துக்கு 8 படம். வினாடிக்கு ரெண்டு சுத்து. ஆக 16.

அதுக்கு முன்னாடி எடிசனோட கருவி நாற்பதை ஒட்டி ஓடுச்சு. அப்புறம் ஏன் 16க்கு இறங்கினாங்க? காசுதான். பிலிம் விலை. 40 ஓட்டுற இடத்துல 16 ஓட்டினா பாதிக்கு மேல பிலிம் மிச்சம்.

ஆனா 16ல வெளிச்சம் பயங்கரமா விட்டு விட்டு எரியுமே? அதுக்குப் பின்னாடி ஒரு தந்திரம் கண்டுபிடிச்சாங்க. புரொஜெக்டர் முன்னாடி சுத்துற மறைப்புத் தகட்டுக்கு மூணு இறக்கை. ஒரே படத்தை மூணு தடவை மின்ன விடும். 16ஐ மூணால பெருக்கினா 48. அசைவுக்கு 16, கண்ணுக்கு 48. ரெண்டு கேள்விக்கும் ஒரே தகட்டுல பதில்!

நம்ம ஊருக்கு இது எப்படி வந்துச்சு? 1905ல திருச்சியில ரயில்வேயில வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படக்கருவியையும் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டுட்டு ஊர் ஊராக் கூடாரம் அடிச்சுக் காட்டினார். 1910களோட பிற்பாதியில நடராஜ முதலியார் சென்னையில 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவோட முதல் மௌனக் கதைப்படம்.

அந்தக் காலத்துல ஃபிரேம் ரேட்டை முடிவு பண்ணினது கேமராக்காரரோட மணிக்கட்டு. அவர் மெதுவாச் சுத்தினா 14, உற்சாகமாச் சுத்தினா 20. திரையில ஓட்டுறவர் அவர் பங்குக்கு ஒரு வேகத்துல சுத்துவார். ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கணும்னா கையும் வேகமாப் போகும்.

பழைய மௌனப் படங்கள்ல எல்லாரும் குடுகுடுன்னு ஓடுறாங்களே, அவங்க அப்படி நடக்கல. 16, 18ல எடுத்ததை 24ல ஓட்டுறதால வர்ற கோளாறு. காந்தியோட பழைய படச்சுருள்களை நினைச்சுப் பாருங்க. அவர் இயல்பாவே வேகமா நடக்கிறவர்தான். ஆனா பல சுருள்கள்ல அதைவிட வேகமாப் பறப்பார்.

நம்ம பக்கத்து கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் உலகம் சுத்தி அப்படிப்பட்ட காந்தி படச்சுருள்களைத் தேடினார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. அதுல இருந்துதான் 1940ல காந்தி ஆவணப்படத்தைத் தமிழ்ல வெளியிட்டார். அவர் தேடிப் போகலைன்னா அதுல எத்தனை சுருள் குப்பைக்குப் போயிருக்குமோ.

எண்ணைத் தப்பாப் போட்டா ஒரு மனுஷனோட நடையே மாறிடும். இதுதான் இந்த இழையோட மையம்.

5.

அடுத்து 24. இது எங்கிருந்து வந்துச்சு?

"கண்ணு 24 ஃபிரேம்தான் பார்க்கும்"னு ஒரு வாட்ஸ்அப் விஞ்ஞானம் சுத்துது. சுத்தமாத் தப்பு. கண்ணுக்கு அப்படி ஒரு ஃபிரேம் ரேட்டே கிடையாது.

24 வந்தது காதுக்காக.

1926, 27ல அமெரிக்காவுல படத்தோட சத்தமும் சேர்ந்துச்சு. படம் கொஞ்சம் வேகமா, மெதுவா ஓடினா கண்ணு மன்னிச்சுரும். காது மன்னிக்காது. பாட்டு அஞ்சு சதவீதம் வேகம் மாறினாலே சுருதி விலகும். அதனால கைப்பிடி போய் மோட்டார் வந்துச்சு. எந்த வேகத்துல பூட்டுறது? அப்ப தியேட்டர்கள் ஏற்கெனவே ஓட்டிக்கிட்டு இருந்த வேகத்தைப் பார்த்து, நிமிஷத்துக்கு 90 அடின்னு பொறியாளர்கள் முடிவு பண்ணினாங்க. ஒரு அடிக்கு 16 படம். 90 அடிக்கு 1440 படம். அறுபதால வகுத்தா 24. இவ்வளவுதான் அதோட ரகசியம்.

1931 அக்டோபர் 31ல 'காளிதாஸ்' வந்தது. தமிழ் பேசின முதல் படம். அதுல இருந்து நம்ம சினிமாவும் 24. 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டர்ல 'பராசக்தி' ஓடினதும் 24. இன்னைக்கு மல்டிபிளெக்ஸ்ல ஓடுறதும் 24. நூறு வருஷமா அதே எண்ணைப் பார்த்துப் பழகினதால, "24னா சினிமா"ன்னு நம்ம மூளை பதிஞ்சு வச்சிருக்கு. வீடியோ தம்பிங்க "சினிமாட்டிக் லுக்"னு சொல்றது இந்தப் பழக்கத்தைத்தான்.

6.

அப்ப 25? இது கரண்டு குடுத்த எண்.

ஐரோப்பாவுல கரண்டு வினாடிக்கு 50 சுத்து. அமெரிக்காவுல 60. நமக்கு பிரிட்டிஷ்காரங்க வழியா 50. 1936ல லண்டன்ல பி.பி.சி. டிவி ஆரம்பிச்சப்ப ஒரு சிக்கல். அந்தக் காலத்து டிவிப் பெட்டிக்குள்ள மெயின் கரண்டோட அதிர்வு கசியும். படத்தோட எண்ணும் கரண்டோட எண்ணும் பொருந்தலைன்னா, திரையில ஒரு நிழல் பட்டை மேலயும் கீழயும் உருண்டுக்கிட்டே இருக்கும். பொருந்திட்டா பட்டை ஒரே இடத்துல நிக்கும், கண்ணை உறுத்தாது. அதனால 50ல பாதி, 25. அமெரிக்காவுல 60ல பாதி, 30. கலர் வந்தப்ப, 1953ல, அந்த 30ஐ 29.97ன்னு இம்மி குறைச்சாங்க. அந்த இம்மியால எடிட்டிங் பண்றவங்க இன்னைக்கும் தலையைப் பிச்சுக்கிறாங்க.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல தொடங்குச்சு. 1982ல கலர். நம்ம மதுரைக்காரங்களுக்கு டிவின்னாலே கொடைக்கானல் டவர்தான். மொட்டை மாடியில ஏறி ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பி, "தெரியுதா? தெரியுதா?"ன்னு கத்தின தலைமுறை இதைப் படிச்சா சிரிப்பாங்க.

ஒரு சுவாரசியம். 24ல எடுத்த சினிமாவை 25ல ஓடுற டிவியில போடும்போது, அப்படியே கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டுவாங்க. தியேட்டர்ல 150 நிமிஷம் ஓடின படம் இந்த முறையில 144 நிமிஷத்துல முடிஞ்சுரும். டி.எம்.எஸ். குரலும் ஒரு அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவா உசந்து கேட்கும். நாம யாருமே கண்டுக்கல.

7.

இப்ப கல்யாண மண்டபத்துக்குள்ள போவோம்.

80களோட பிற்பாதியில வி.எச்.எஸ். கேமரா நம்ம ஊருக்கு வந்துச்சு. தோள்ல வச்சு எடுக்கிற பெரிய சைஸ். பானாசோனிக் எம் 3000, எம் 9000னு சொன்னா அந்தக் கால ஸ்டுடியோக்காரங்க முகம் மலரும். பின்னாடியே ஒரு பையன் ஆயிரம் வாட்ஸ் லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வருவான். பொண்ணுக்கு மேக்கப் உருகும். மாப்பிள்ளை கண்ணைத் திறக்க முடியாம தாலி கட்டுவார்.

இந்தக் கேமராக்களோட எண்ணு 25ன்னு எழுதியிருந்தாலும், உள்ள நடக்கிறது வேற. ஒரு படத்தை வரி வரியாப் பிரிச்சு, முதல்ல ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள்னு ரெண்டு தடவையாப் பதியும். வினாடிக்கு 50 பாதிப் படங்கள். ஒவ்வொரு பாதியும் வேற வேற நொடித்துளியில எடுத்தது. அதனால அசைவு வினாடிக்கு 50 தடவை பதிவாகுது.

பழைய கல்யாணக் கேசட்டை டிவியில போட்டா, "அப்படியே நேர்ல பார்க்கிற மாதிரி" ஒரு வழுவழுப்பு இருக்குமே, அது இதனாலதான். சினிமா மாதிரி இருக்காது. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

கேசட் மூணு மணி நேரம். எடிட்டிங்னு பெருசா ஒண்ணும் இல்ல. பொண்ணழைப்பு, தாய்மாமன் சீர், தாலி, மொய் எழுதுற இடம், பந்தி, எல்லாம் நிஜ வேகத்துல ஓடும். மேடையில வந்து நின்னு போட்டோவுக்குச் சிரிச்சுட்டு இறங்குற ஒவ்வொரு சொந்தக்காரரும் பத்து வினாடியாவது அதுல இருப்பாங்க. அன்னைக்கு "போர் அடிக்குது, ஓட்டி விடு"ன்னோம். இன்னைக்கு அதுல பாதிப் பேர் இல்ல.

8.

2008ல கேனான் 5டி மார்க் 2 வந்துச்சு. போட்டோ கேமராவுலயே வீடியோ. பின்னணி மங்கி, முகம் மட்டும் பளிச்சுன்னு சினிமா மாதிரி. கல்யாண வீடியோ உலகமே தலைகீழாச்சு.

ஆனா அதுல முதல்ல 30 மட்டும்தான் இருந்துச்சு. 24ம் 25ம் 2010 மார்ச்சுல வந்த மென்பொருள் மாற்றத்துக்கு அப்புறம்தான். இடைப்பட்ட காலத்துல 50 சுத்து கரண்டு உள்ள நாடுகள்ல எல்லாம் ஒரே புலம்பல். ஏன்?

கணக்கு சின்னது. நம்ம டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மின்னும், கரண்டு ஒரு சுத்துல ரெண்டு தடவை உச்சத்துக்குப் போறதால. 25ல எடுத்தா ஒரு ஃபிரேமுக்குச் சரியா 4 மின்னல். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே வெளிச்சம். 30ல எடுத்தா 3.33 மின்னல். ஒரு ஃபிரேம் பளிச், அடுத்தது மங்கல். வினாடிக்கு 10 தடவை படம் துடிக்கும். பழைய மண்டபங்கள்ல எடுத்த வீடியோவுல சுவரெல்லாம் அலை அடிக்கிற மாதிரி இருக்கே, காரணம் இது.

இதுல கரண்டும் ஒழுங்கா இருக்கணும். நம்ம ஊர் மின்வெட்டுக் காலம் ஞாபகம் இருக்கா? முகூர்த்தம் பாதி ஜெனரேட்டர்லதான் நடக்கும். பந்தியில கிரைண்டரைப் போட்டா ஜெனரேட்டர் திணறி 50ல இருந்து இறங்கும். அப்ப 25லயே எடுத்தாலும் பட்டை மெதுவா ஊரும். 2013 டிசம்பர் 31ல தென்னிந்திய மின்கட்டம் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியா தேசியக் கட்டத்தோட இணைஞ்சது. அதுக்கு முன்னாடி நம்ம பக்கம் இந்த 50 நிறையவே ஊசலாடும். இப்ப பெரும்பாலும் 50ஐ ஒட்டியே நிக்குது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இந்தத் துடிப்பைத் தடுக்கிறது முக்கியமா ஷட்டர் வேகம். 1/50 அல்லது 1/100ல பூட்டி வச்சா 24லயும் 30லயும்கூட டியூப்லைட் துடிக்காது. செல்போன் திரை பெரும்பாலும் 60ல ஓடுறதால, 30 அதுல சீராப் பொருந்தும், 25 லேசாத் தட்டும். ஆக "25தான் வேதம்"னு நான் சொல்ல வரல. ஆனா மண்டபத்துல பத்துவிதமான லைட்டு, நாலு கேமரா, அவசரத்துல ஒருத்தர் ஷட்டரைத் தட்டி விட்டாலும் ரொம்பக் கெட்டுப்போகாத எண் நம்ம ஊருக்கு 25தான்.

9.

அடுத்து வந்த அலை, ஸ்லோ மோஷன்.

100ல எடுத்து 25ல ஓட்டினா நாலு மடங்கு மெதுவு. 120ல எடுத்தா கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. பொண்ணு திரும்பிப் பார்க்கிறது, அட்சதை விழறது, தாவணி பறக்கிறது, எல்லாம் அழகு. எனக்கும் பிடிக்கும்.

சிக்கல் ரெண்டு. 120ல எடுக்கும்போது ஷட்டரை 1/100க்கு இறக்க முடியாது, 1/120க்கு மேலதான் போகணும். அதனால டியூப்லைட், மலிவு எல்.ஈ.டி. எல்லாம் துடிக்கும். நம்ம ஊர்ல கேமராவை பால் முறைக்கு மாத்திட்டு 100ல எடுக்கிறதுதான் சரி.

ரெண்டாவது சிக்கல் பெருசு. இப்படி எடுக்கும்போது பெரும்பாலும் சத்தம் பதிவாகாது. பதிவானாலும் மெதுவாக்கினா பயன்படாது. மேல ஒரு பாட்டு வரும். நடையும் போச்சு, குரலும் போச்சு.

10.

இப்ப அந்தக் கேசட்.

எங்க அப்பா அம்மா கல்யாணம் 1987, திருப்பரங்குன்றத்துல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப அந்தக் கேசட்டை ஒரு கடையில குடுத்து சி.டி.யா மாத்தினேன். அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு. எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம்.

எங்க தாத்தா, அப்பாவோட அப்பா, மண்டப வாசல்ல இருந்து மேடைக்கு நடந்து வர்றார். வெள்ளை வேட்டி, துண்டு. ஒரு இருபது அடி தூரம். நான் அப்ப நரம்பியல் போஸ்டிங் முடிச்சிருந்த நேரம். சாப்பிட்டுக்கிட்டு இருந்த கை நின்னுபோச்சு.

அவரோட இடது கை வீசுது. வலது கை வீசல. உடம்போட ஒட்டி அப்படியே வருது. மேடையில நின்னு போட்டோவுக்குப் பார்க்கும்போது அந்தக் கை விரல் ரெண்டு மட்டும் மெல்ல உருட்டுது.

தாத்தாவுக்குப் பார்க்கின்சன்ஸ் நோய்னு கண்டுபிடிச்சது அதுக்கு ஏழெட்டு வருஷம் கழிச்சு. கீழ விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்ச பிறகு. நான் படம் பார்த்தப்ப அவர் இல்ல.

அப்பத்தாகிட்ட காட்டினேன். "அவரு அப்பல்லாம் அந்தக் கையை வீசாமத்தான்பா நடப்பாரு. பெரிய மனுஷன், பெருமையா நடக்கிறாருன்னு நெனச்சோம்"னாங்க.

எண்ணுக்கு வர்றேன். பார்க்கின்சன்ஸ் நடுக்கம் வினாடிக்கு 4ல இருந்து 6 தடவை. அதைப் பதிவு பண்ண வினாடிக்கு 25 படம் தாராளம். ஆனா அதையே நாலு மடங்கு மெதுவாக்கினா வினாடிக்கு ஒரு தடவை அசையற மாதிரி ஆயிரும். நடுக்கமாத் தெரியாது, சும்மா விரலை ஆட்டுற மாதிரி இருக்கும். கை வீசாத நடையும் ஏதோ கம்பீரமாத்தான் தெரியும்.

(இதைப் படிச்சுட்டு ஆல்பத்தை எடுத்து வச்சு எல்லாருக்கும் நோய் கண்டுபிடிக்கக் கிளம்பிடாதீங்க. ஒரு கை வீசலைன்னா தோள்பட்டை வலியாக்கூட இருக்கலாம். சந்தேகம் இருந்தா ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்க.)

இன்னொரு கதையும் இருக்கு. 2019ல சொந்தத்துல ஒரு கல்யாணம். முழுக்க சினிமாட்டிக். நாலரை நிமிஷம். அதுல அப்பத்தா ஒரு எட்டு வினாடி வர்றாங்க. ஸ்லோ மோஷன்ல, பின்னாடி வெளிச்சத்தோட, ராணி மாதிரி மிதந்து வர்றாங்க. 2021ல அப்பத்தா போயிட்டாங்க.

அந்த எட்டு வினாடியை நாங்க எத்தனையோ தடவை பார்த்துட்டோம். அழகாத்தான் இருக்கு. ஆனா அப்பத்தா அப்படி நடக்க மாட்டாங்க. தரையை மிதிச்சு விறுவிறுன்னு நடப்பாங்க, நடந்துக்கிட்டே யாரையாவது அதட்டுவாங்க. அந்த நடையும் இல்ல, அந்த அதட்டலும் இல்ல. முழு வீடியோ கேட்டோம். எடிட் முடிஞ்சதும் அழிச்சுட்டோம்னுட்டாங்க. அவங்களையும் குறை சொல்ல முடியாது, நாங்க கேட்டது சினிமா.

11.

மறுநாள் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். உங்களுக்கும் உதவும்.

மெயின் கேமரா 25, ஷட்டர் 1/50. நிறுத்தாம ஓடட்டும், நிஜ வேகத்துல, சத்தத்தோட. உங்க ஸ்டுடியோ பாஷையில "ட்ரெடிஷனல்". வசதி இருந்தா 50லயே எடுக்கலாம், பழைய கேசட்டோட வழுவழுப்பு கிடைக்கும்.

ஸ்லோ மோஷன் வேணும்ங்கிற இடத்துக்கு மட்டும் ரெண்டாவது கேமராவுல 100, ஷட்டர் 1/100. பொண்ணு மாப்பிள்ளைக்கு வச்சுக்குங்க. வயசானவங்களுக்கு வேண்டாம்.

ட்ரோன் உட்பட எல்லாக் கேமராவும் ஒரே குடும்ப எண்ணுல இருக்கணும். 25, 50, 100. நடுவுல ஒருத்தர் 30ல எடுத்தா அந்த ஷாட் மட்டும் தட்டித் தட்டிப் போகும்.

எல்.ஈ.டி. திரை, கலர் லைட் இருந்தா முதல் நாள் ராத்திரியே பத்து வினாடி எடுத்துப் பாருங்க.

எடிட்டிங்ல வெள்ளை வெளிச்சம் பளிச் பளிச்னு அடிக்கிற எஃபெக்ட்டைக் குறைங்க. 1997ல ஜப்பான்ல ஒரு கார்ட்டூன் தொடர்ல சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவை மாறி மாறி மின்னி, அறுநூறுக்கு மேல குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. வினாடிக்கு மூணு மின்னலுக்கு மேல வேண்டாம்.

கல்யாண வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. வீடியோ பேசும்போதே, முழுப் பதிவையும் ஹார்டு டிஸ்க்குல தரணும்னு சொல்லிருங்க. டிஸ்க் செலவு உங்களோடது. ஒரு பட்டுப்புடவை விலையில சின்னப் பங்குதான் ஆகும்.

பழைய கேசட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. வி.சி.ஆர். செஞ்சுக்கிட்டு இருந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோட நிறுத்திருச்சு. ஓட்டுற மெஷின் குறைஞ்சுக்கிட்டே வருது. கேசட்டுல பூஞ்சை ஏறிக்கிட்டே இருக்கு. மாத்தக் குடுக்கும்போது "50 ஃபிரேமா மாத்திக் குடுங்க"ன்னு கேளுங்க. நான் முதல்ல குடுத்த கடையில 25ஆ மாத்தி, பாதி அசைவைத் தூக்கிப் போட்டுட்டாங்க. தாத்தா தட்டித் தட்டி நடந்தார். நல்லவேளை கேசட்டைத் தூக்கிப் போடல. ரெண்டு வருஷம் முன்னாடி மறுபடி சரியா மாத்தினேன். இப்ப அந்த இருபது அடியை அவர் நடந்த மாதிரியே நடக்கிறார்.

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு, "சார், மாப்பிள்ளை வீட்டுல சினிமாட்டிக்தான் வேணும்னா?"ன்னார்.

"அதையும் குடுங்க தம்பி. ஆனா அவங்க வீட்டுலயும் ஒரு அப்பத்தா இருப்பாங்கல்ல. அவங்க மண்டபத்துக்குள்ள நுழையும்போது மட்டும் 25ல வச்சு, மைக்கை ஆன் பண்ணி, கடைசி வரைக்கும் எடுத்துருங்க."

"சரி சார்"னார். கல்யாணம் வர்ற ஆவணியில.

பயனுள்ளதா இருந்தா பகிருங்க. உங்க வீட்டுப் பீரோவுல கேசட் இருந்தா இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாருங்க.